காற்றுவாக்கில்

பல்கலைக்கழக ஊடக மையம், மூன்றாம் மாடி.
வெட்டுவதும் ஒட்டுவதும் என் வேலை.
மேசையில் நாற்பத்தொரு ஒப்புதல் படிவங்கள்.
திரையில் நாற்பத்திரண்டு முகமூடிகள்.

மூன்று தடவை எண்ணிவிட்டேன்.
சட்டப் பிரிவின் திருமதி ஆர்செனோ
நான்காம் தடவை எண்ணச் சொல்கிறார்:
அடையாளம் தெரிகிற ஒவ்வொருவரிடமும்
கையெழுத்து வேண்டுமாம்.
அடையாளம் தெரியாமலிருக்கத்தானே, அம்மா,
கம்பிவலையில் மூக்கு தைத்து மாட்டியிருக்கிறார்கள்
என்று எழுதி,
அழித்து,
'ஆகட்டும்' என்று பதில் போட்டேன்.

தவக்காலம் பிறப்பதற்கு முந்தின செவ்வாய்.
அறுத்த நெல்வயலில் தண்ணீர் கட்டி
இறால் பிடிக்கிற லூசியானாச் சமவெளி.
கூம்புத் தொப்பி, கந்தல் குஞ்சம் தொங்கும் சட்டை,
குதிரையிலும் டிராக்டர் வண்டியிலும்
வீடு வீடாகப் போய்ப் பிச்சை கேட்பார்கள்.
அரிசி தருவார்கள், வெங்காயம் தருவார்கள்.
கோழியை மட்டும் கையில் தருவதில்லை.
பறக்க விடுவார்கள்.
சாமர்த்தியமிருந்தால் பிடி.

இரண்டு மணி பதினேழாம் நிமிடத்தில்
பச்சையும் மஞ்சளும் உடுத்த ஒருவன்
வாய்க்காலைத் தாண்டப் பாய்கிறான்,
வாய்க்காலுக்குள்ளேயே இறங்குகிறான்.
இடுப்பளவு சேறு. தொப்பி மிதக்கிறது.
எழுகிறான். கையில் கோழியில்லை, ஒற்றை இறகு.
அதைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டுகிறான்
மாவட்டத்தையே வென்றவன்போல.

இயக்குநர் லுசீல் சொல்கிறாள்:
படமே இந்த ஒன்பது விநாடிதான்,
மற்ற ஐம்பது நிமிடமும் இதற்குப் போட்ட பந்தல்.

சரி, ஆள் யார்?
கூட்டத்தில் முகமூடியில்லாத ஒரே மனிதர்,
வெள்ளைக்கொடி பிடித்த கப்பித்தான்,
மற்ற நாளில் உரக்கடை நடத்தும் ஓலிம் ஃப்ரூஜே.
'என் ஆட்களில் இப்படி விழுகிறவன் கிடையாது'
என்று போனை வைத்துவிட்டார்.

படம் தனியாக வரும், ஒலி தனியாக வரும்.
முடிச்சுப் போடுவது என் பாடு.
புதன் இரவு அந்த ஒன்பது விநாடிக்கு ஒலி தேடினேன்.
விழுந்த சத்தமில்லை.
சிரிப்பு எங்கேயோ தொலைவில்.
பக்கத்தில் காற்று மட்டும், வேலிக்கம்பியின் முனகல்,
ஒரு நாய் வந்து மைக்கை முகர்ந்து
தும்மிவிட்டுப் போகிறது.
பதினொரு நிமிடம் இப்படியே.
மைக்கை வேலிக்காலில் மாட்டிவிட்டு
எவனோ போயிருக்கிறான்.

ஒலிப்பதிவு: டுவெய்ன் மெஷ்.
ஆறு வருடமாக என் அடுத்த மேசை.
'மின்கலம், தொடாதே' என்று எழுதிய
அவன் பச்சைப் பையை
நாங்கள் யாரும் தொட்டதில்லை.
பிரெஞ்சுப் பேச்சுக்கு வரிவடிவம் போடும்போதெல்லாம்
தோளைக் குலுக்குவான்:
எங்கள் வீட்டில் அது பேசுவதில்லை, எனக்குத் தெரியாது.
மணிக்கு இவ்வளவு என்று மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுக்கிறோம்.

ஒலியைக் கூட்டினேன்.
காற்றுவாக்கில் வந்தது,
கிறீச்சிட்ட, வேண்டுமென்றே கெடுத்த குரல்:
சேங்க் சூ, மதாம், சேங்க் சூ!
ஐந்து காசு, அம்மா, ஐந்தே காசு.
அந்த வீட்டுக்காரி ஏதோ சொல்கிறாள்.
இவன் ஏதோ திருப்பிச் சொல்கிறான், மூச்சுவிடாமல், நீளமாக.
அவள் சிரித்த சிரிப்பில் என் ஊசிமுள் சிவப்பைத் தொட்டது.
என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது.
அந்தத் துண்டை மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பவில்லை.

வெற்றுப் படிவமொன்றை
அவன் காப்பிக் கோப்பைக்கடியில் வைத்துவிட்டு
வீட்டுக்குப் போனேன்.

காலையில் அது என் மேசையில்.
பெயர் என்ற இடத்தில் ஒன்றுமில்லை.
கையெழுத்து, கோழி கிளறின மாதிரி.
முகவரி: வாய்க்கால்.
டுவெய்ன் காதில் ஹெட்போனோடு
வேறெதையோ மும்முரமாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.
ஹெட்போனின் ஒயர் எதிலும் செருகப்படவில்லை.

சேறு தெறிக்கிற ஓசைகள் எங்களிடம் நூறு இருக்கின்றன,
பெட்டியில், எண் போட்டு.
ஒன்றையும் எடுக்கவில்லை.
அவன் விழும்போது வேலிதான் முனகும்.

நாற்பத்திரண்டும் சரி என்று
திருமதி ஆர்செனோவுக்கு எழுதினேன்.
தும்மின நாய்க்குப் படிவம் வேண்டுமா என்று
அவர் கேட்கவில்லை,
நானும் கிளப்பவில்லை.